டிடி-214-ல் சேர்ந்த தேதி தப்பாக இருக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: என் மகன் கிரீன் கார்டில் இருந்தபோதே அமெரிக்க ஆர்மியில் சேர்ந்தான். 2019 ஜனவரி 8 அன்று கிளம்பிப் போனவன், மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து 2022 ஜனவரி 7 அன்று நல்லபடியாக வெளியே வந்தான். இப்போது மேல்படிப்புக்கு ஜிஐ பில் (படைவீரர்களின் படிப்புச் செலவுக்கான அரசு உதவி) கேட்டால், 90 சதவீதம்தான் கிடைக்கும் என்று கடிதம் வந்திருக்கிறது. படையிலிருந்து வெளியேறியதற்கான சான்றான டிடி-214-ஐ எடுத்துப் பார்த்தால், சேர்ந்த தேதி 2019 ஜூன் 8 என்று இருக்கிறது. ஜனவரி முதல் மே வரை பயிற்சியில் இருந்தான், ஜூனில்தான் முதல் யூனிட்டுக்குப் போனான். அவனுக்கு நேரமில்லை. நானே எழுதித் திருத்தலாமா? ஒரு வக்கீல் அலுவலகத்தில், ஆவணத் திருத்த போர்டுக்குத்தான் போக வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். மூன்று வருடம் தாண்டிவிட்டதால் இனி முடியாது என்கிறார் இன்னொருவர்.
- வாசகி, டெக்சஸ்

பதில்: முடியும். வக்கீலுக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் மனுவில் உங்கள் மகன்தான் கையெழுத்துப் போட வேண்டும். உயிரோடும் சுயமாகச் செயல்படும் நிலையிலும் இருக்கும் படைவீரருக்காகப் பெற்றோர் மனுப் போட முடியாது. அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருந்தால் மட்டுமே முடியும். காகிதங்களைத் தேடி எடுத்து அடுக்கி வைக்கும் வேலையை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். பாதி வேலை அதுதான்.

பிழை எப்படி வந்திருக்கும் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காணாமல் போன ஐந்து மாதமும் பயிற்சிக் காலம். பேசிக் டிரெயினிங் 10 வாரம், அதன்பின் தொழிற்பயிற்சி. படிவத்தைத் தட்டச்சு செய்தவர், ஆக்டிவ் டியூட்டியில் (முழுநேரப் படைப்பணியில்) நுழைந்த தேதிக்குப் பதில் முதல் யூனிட்டில் ரிப்போர்ட் செய்த தேதியைப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பயிற்சிக் காலமும் முழுக்க ஆக்டிவ் டியூட்டிதான். படிவத்தின் 14-வது கட்டத்தைப் பாருங்கள். முடித்த பயிற்சிகளும், எத்தனை வாரம், எந்த மாதம் எந்த ஆண்டு முடிந்தது என்பதும் அதில் இருக்கும். அங்கே 2019 மே என்று ஒரு பயிற்சி இருந்தால், ஜூனில் சேர்ந்தவர் மே மாதமே எப்படிப் பயிற்சி முடித்தார் என்று அந்தக் காகிதமே கேள்வி கேட்கிறது. இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இதற்கு முதலில் நீளப் பிரதி கையில் வேண்டும். டிடி-214 பல பிரதிகளாக அச்சாகும். மெம்பர்-1 என்பது குட்டைப் பிரதி, அதில் 23 முதல் 30 வரையுள்ள கட்டங்கள் இருக்காது. மெம்பர்-4 முழுப் பிரதி. அதைத் தொலைத்திருந்தால் மகன் மில்கனெக்ட் இணையதளத்தில் கேட்கலாம், அல்லது ஆவணம் கேட்பதற்கான எஸ்எஃப்-180 படிவத்தைக் கையெழுத்திட்டு செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு அனுப்பலாம். அப்படிக் கேட்கும்போது டிடி-214 மட்டும் போதாது, முழுப் பணியாளர் கோப்பும் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தமும் உத்தரவுகளும் அதில்தான் இருக்கும்.

சான்றுகளில் முதலிடம் சேர்க்கை ஒப்பந்தமான டிடி-4-க்கு. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். முதலாவது, டிலேயிட் என்ட்ரி திட்டத்தில் கையெழுத்திட்ட தேதி. அன்று முதல் கிளம்பும் நாள்வரை வீட்டில் காத்திருந்த மாதங்கள் ஆக்டிவ் சேவை ஆகாது. இரண்டாவது, அந்தத் திட்டத்திலிருந்து விடுவித்து ரெகுலர் ஆர்மியில் சேர்த்துக்கொண்ட தேதி. டிடி-214-ல் சேர்ந்த தேதிக்கான 12ஏ கட்டத்தில் வர வேண்டியது இந்த இரண்டாவது தேதிதான். உங்கள் மகனுக்கு அது ஜனவரி 8 ஆக இருக்க வேண்டும். முதலில் கையெழுத்திட்ட தேதியைச் சேர்த்துக் கேட்டால் மனு அங்கேயே பலவீனமாகிவிடும். அடுத்த சான்று சம்பளச் சீட்டு, படையில் எல்இஎஸ் என்பார்கள். 2019 ஜனவரி, பிப்ரவரி மாதச் சீட்டுகள் இரண்டு கிடைத்தாலே வலு கூடும், ஆக்டிவ் டியூட்டியில் இல்லாதவருக்கு அந்தச் சம்பளம் வந்திருக்காது. பயிற்சி முகாமுக்கு அனுப்பிய உத்தரவையும் சேருங்கள். நண்பர்கள் எழுதித் தரும் சாட்சிக் கடிதமெல்லாம் தேதி விஷயத்தில் அவ்வளவாக எடுபடாது.

அடுத்து, என்ன கேட்கிறோம் என்பதைக் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். '12ஏ-வைத் திருத்துங்கள்' என்று மட்டும் எழுதினால் 12ஏ மட்டும் மாறும், 12சி-யில் உள்ள மொத்தச் சேவைக்காலம் பழையபடியே நிற்கும். ஜிஐ பில் கணக்குக்கு உதவுவது அந்த மொத்தம்தான். கணக்குப் போடும் முறை இது: வெளியேறிய தேதியிலிருந்து சேர்ந்த தேதியைக் கழித்து, ஒரு நாளைக் கூட்டுவது, ஏனென்றால் கடைசி நாளும் சேவை நாள்தான். 2019 ஜனவரி 8 முதல் 2022 ஜனவரி 7 வரை என்றால் 03 ஆண்டு 00 மாதம் 00 நாள். இப்போதுள்ள தப்பான தேதிப்படி அது 02 ஆண்டு 07 மாதம் 00 நாள். பிழையும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி இரண்டு வரியில் எழுதினால் போதும், உருக்கமான கடிதம் தேவையில்லை.

18-வது கட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஆர்மி டிடி-214-ல், முதல் முழு ஒப்பந்தக் காலத்தை முடித்தாரா இல்லையா என்று அங்கே ஒரு வரி இருக்கும். 2 ஆண்டு 7 மாதம் என்று கணக்கு வந்ததால் 'முடிக்கவில்லை' என்று அச்சாகியிருக்கலாம். அப்படியிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். 29-வது கட்டத்தில் இழந்த நாட்கள் ஏதாவது குறிக்கப்பட்டிருந்தால் விஷயம் வேறு. அனுமதியின்றி இல்லாத நாட்கள் சேவைக்காலத்திலிருந்து கழியும். அங்கே எதுவும் இல்லாமல் இருப்பது உங்கள் மகனுக்கு முக்கியம். 100 சதவீதத்துக்கு 36 மாதம், அதாவது 1,095 நாள் வேண்டும். அவருடைய மூன்று ஆண்டில் 2020 லீப் ஆண்டு வருவதால் 1,096 நாள் ஆகிறது. ஒரே ஒரு நாள்தான் கூடுதல்.

தேதிகளை நம் ஊர் வழக்கப்படி 8-1-2019 என்று எழுதவே எழுதாதீர்கள். அமெரிக்கரின் கண்ணுக்கு அது ஆகஸ்ட் 1. படிவத்தில் உள்ளபடி 2019 01 08 என்றோ, மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டோ எழுதச் சொல்லுங்கள்.

எங்கே அனுப்புவது? இது எழுத்துப் பிழை வகை. முதல் வாசல் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள ஆர்மி மனிதவளக் கட்டளையகம். கோப்பில் உள்ள காகிதமே பிழையை நிரூபித்தால், அவர்கள் டிடி-215 என்ற திருத்தப் படிவத்தைத் தருவார்கள். புது டிடி-214 வரும் என்று காத்திருக்க வேண்டாம், பழையது அப்படியே இருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். பழைய படிவத்தில் பேனாவால் திருத்தினால் அது செல்லாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது.

ஃபோர்ட் நாக்ஸ் மறுத்தால் மட்டுமே போர்டு. ஆர்மி ஆவணத் திருத்த வாரியத்துக்கு டிடி-149 படிவத்தில் மனுப் போட வேண்டும், கட்டணம் கிடையாது. சிறிய வழியை முயன்று பார்க்காமல் நேரே போனால், முதலில் அதை முடித்துவிட்டு வா என்று திருப்பிவிடுவார்கள். அந்த வக்கீல் அலுவலகம் சொன்னதில் உள்ள கோளாறு இதுதான். மூன்று வருடக் கெடு என்பது இந்த வாரியத்துக்கு உரியது. அதையும் பிழையைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். வெளியேறும்போது அவரே கையெழுத்திட்டதால், அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்று வாரியம் சொல்லக்கூடும். ஆகவே விஏ-வின் (முன்னாள் படைவீரர் நலத் துறையின்) 90 சதவீதக் கடிதம் வந்த தேதியைக் குறிப்பிட்டு, நீதியின் நலன் கருதிக் கெடுவைத் தளர்த்துமாறும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்படித் தளர்த்தச் சட்டமே இடம் தருகிறது. வாரியத்தின் பத்தில் ஒன்பது வழக்குகளாவது 10 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம், ஆகவே பொறுமை வேண்டும். டிடி-293 படிவம் இதற்கு அல்ல. அது நல்ல முறையில் வெளியேறினாரா என்ற தன்மையை மாற்றக் கேட்பது. பலர் தவறுதலாக அதை நிரப்பி அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் கவுன்டியின் முன்னாள் படைவீரர் சேவை அலுவலரிடம் போகலாம். அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களும் இலவசமாகச் செய்து தருகின்றன. ஃபோர்ட் நாக்ஸிலிருந்து பதிலே வரவில்லையென்றால், உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் மகன் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தால் அவர்கள் விசாரிப்பார்கள். தீர்ப்பை அவர்களால் மாற்ற முடியாது, ஆனால் தூங்கும் கோப்பு எழுந்து உட்காரும்.

மகனின் பெயரையும் ஒரு தடவை சரிபாருங்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், இனிஷியல் நடுப்பெயராகவும் மாறி மாறி ஒட்டிக்கொள்வது நம்மவர்களின் நிரந்தரத் தலைவலி. சேர்க்கை ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் டிடி-214-ல் உள்ள பெயரும் வேறாக இருந்தால், அதையும் இதே மனுவில் கேட்டுவிடலாம். படையிலிருந்து வெளியேறிய பிறகு மாற்றிக்கொண்ட பெயருக்காகக் கேட்க வேண்டாம், சேவையில் இருந்த காலத்துப் பெயர்தான் அதில் நிற்கும்.

டிடி-215 கைக்கு வந்ததும் விஏ-வுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு படிவங்களையும் விஏ-வின் இணையதளம் வழியாக அனுப்பி, தகுதியை மறுபடி கணக்கிடச் சொல்லி மகன் கேட்க வேண்டும். 90-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் பத்து சதவீதக் கட்டணம் மட்டுமல்ல. வீட்டு வாடகைப் படியும் குறையும். தனியார் பல்கலைக்கழகங்களின் மிச்சக் கட்டணத்துக்கு உதவும் யெல்லோ ரிப்பன் திட்டம் 100 சதவீதத்தில் இருப்பவர்களுக்குத்தான். விஏ முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மறுபரிசீலனை கேட்டால் பழைய தேதியின் உரிமை காப்பாற்றப்படும். ஃபோர்ட் நாக்ஸின் பதில் அதற்குள் வராதுபோல் தெரிந்தால், டிடி-4-ஐயும் சம்பளச் சீட்டுகளையும் புதுச் சான்றாக வைத்து 20-0995 படிவத்தில் அந்த மனுவை முன்னதாகவே போட்டுவிடச் சொல்லுங்கள். கடிதத்தில் உள்ள தேதியை இன்றே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.