நகையை வைத்து மகளை பி.எட். படிக்க வைக்கலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் கடலோரத்தில் எங்கள் ஊர். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நான் கடல்பாசி எடுக்கப் போவேன், மற்ற நாளில் கருவாட்டு வேலை. மகள் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டாள், 58 சதவீதம். நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. நடுநிலைப் பள்ளியில் தமிழும் சமூக அறிவியலும் நடத்தும் டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். படிக்க வருடத்துக்கு ரூ.45,000 கட்டணம், மற்ற செலவு தனி என்றார்கள். இன்னொருவர், ரூ.1,20,000 கொடுத்தால் வகுப்புக்கே போக வேண்டாம், சர்டிபிகேட் கைக்கு வந்துவிடும் என்கிறார். சேமிப்பு ரூ.40,000 இருக்கிறது. ஆறு பவுன் நகை இருக்கிறது. அடகுக் கடையில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. நகையை வைக்கலாமா, வங்கிக் கடன் வாங்கலாமா? கவர்மென்ட் வேலை கிடைத்ததும் இரண்டே வருடத்தில் மீட்டுவிடலாம் என்று நினைக்கிறோம்.

பதில்: மகளைப் படிக்க வையுங்கள். நகையை வைக்காதீர்கள். நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் அந்த "இரண்டே வருடம்" என்ற கணக்கில்தான் சிக்கல்.

பி.எட். முடித்த கையோடு அரசு வேலை வராது. படிப்பு இரண்டு ஆண்டு. அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வு, எல்லோரும் டெட் என்று சொல்வது. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு இரண்டாம் தாள். அதில் தேறினாலும் அது தகுதிதான், வேலை அல்ல. 2018 ஜூலையில் வந்த அரசாணை 149-இன்படி, நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாக ஒரு போட்டித் தேர்வு நடத்த வேண்டும். பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தது 2024 பிப்ரவரி 4-இல். இடையில் ஐந்தரை ஆண்டு. அந்தக் காலம் முழுக்க ஒரு லட்ச ரூபாய்க்கு உங்கள் அடகுக் கடை வட்டி ஓடியிருந்தால், வட்டி மட்டும் ரூ.1,32,000. நகை ஏலத்துக்குப் போயிருக்கும்.

அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே ரூ.36,400-இல் தொடங்குகிறது. அதற்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. முதல் வேலை பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் கிடைக்கும், கையில் ரூ.10,000 வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் அரசுப் பள்ளியில் தற்காலிக இடம் கிடைத்தால், பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.15,000 தொகுப்பூதியம் என்று 2022-இல் அரசு நிர்ணயித்தது. அதுவும் சில மாதங்களுக்குத்தான். எனவே கடன் தவணை மாதம் ரூ.2,500-ஐத் தாண்டக் கூடாது. வாங்கும் கடனின் அளவை இந்த எண்தான் தீர்மானிக்க வேண்டும்.

பணத்துக்குப் போகும் முன் பாடம் பற்றி ஒன்று தெளிவாக வேண்டும். அரசுப் பணியில் எந்தப் பாடத்துக்கு நியமனம் என்பதை மகளின் பட்டம்தான் முடிவு செய்யும். பி.ஏ. வரலாறு என்றால் சமூக அறிவியல். தமிழாசிரியர் இடத்துக்கு பி.ஏ. தமிழோ பி.லிட்.டோ வேண்டும், பி.எட்.டில் தமிழ் கற்பித்தலைக் கேட்டு வாங்கினாலும் அந்தக் குறை தீராது. தனியார் பள்ளியில் நிலைமை வேறு. ஆறு முதல் எட்டு வரை ஒரே டீச்சர் தமிழையும் சமூக அறிவியலையும் சேர்த்து நடத்துவது சாதாரணம், இரண்டும் நடத்தத் தெரிந்தவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும். பிறகு தமிழ்ப் பட்டமும் வேண்டுமென்றால், வேலையில் சேர்ந்தபின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் படிப்பாகப் படிக்கட்டும். ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்கிறதென்று ஓராண்டிலேயே இரண்டாவது பட்டம் வாங்கியவர்கள் நியமனத்தின்போதும் பதவி உயர்வின்போதும் நீதிமன்றம் வரை அலைந்திருக்கிறார்கள்.

இனி அந்த ரூ.1,20,000 ஆள். அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டு ஆண்டில் மொத்தம் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். இந்த 20 வாரம்தான் படிப்பின் உயிர். தனியார் பள்ளியில் வேலைக்கு எடுக்குமுன் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து நடத்தச் சொன்னால், பயிற்சி இல்லாதவர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் பத்து நிமிடம் எழுதுவார், பிறகு "புரிஞ்சுதா?" என்பார். எல்லாப் பிள்ளையும் "புரிஞ்சுது" என்று கத்தும். பயிற்சி பெற்றவர் வரைபடத்தை மாட்டிவிட்டு, "நம்ம பாம்பன் எங்கே இருக்கு, வந்து தொட்டுக் காட்டு" என்று ஒரு பிள்ளையை அழைப்பார். அங்கிருந்து பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் போவார். பின்வரிசையில் ஒரு பையன் தவறாகக் காட்டினால், அந்தத் தவறிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார். தலைமையாசிரியருக்கு ஐந்தே நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். வகுப்புக்குப் போகாமல் வாங்கிய சான்றிதழுக்கு அங்கே சம்பளம் கிடையாது.

தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கான கலந்தாய்வில் விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் வகுப்புக்குப் பட்டப் படிப்பில் 43 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், மகளிடம் 58 இருக்கிறது. கல்விக் கட்டணம் தனியாரை ஒப்பிட மிகக் குறைவு. புதுக்கோட்டையில் அரசுக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. மதுரையில் உதவி பெறும் கல்லூரிகள் இருக்கின்றன. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் பி.எட்.டையும் விசாரியுங்கள். வெளியூர் என்று தயங்க வேண்டாம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம். வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். கலந்தாய்வு முடிவதற்குள் "அட்வான்ஸ் கட்டாவிட்டால் சீட் போய்விடும்" என்று தனியார் கல்லூரியிலிருந்து போன் வரும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், திருப்பித் தருவோம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் அசல்களைச் சரிபார்க்க மட்டும் காட்டுங்கள், கல்லூரியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஓராண்டு பி.எட். வரப்போகிறது, காத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால், அது உங்கள் மகளுக்கு இல்லை. 2025-இல் வெளியான வரைவு விதிகள் அதை நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு மட்டுமே சொல்கின்றன.

கலந்தாய்வில் இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிதான் என்றால், கணக்கு இப்படி. கட்டணம் இரண்டு ஆண்டுக்கு ரூ.90,000. "மற்ற செலவு தனி" என்றார்களே, குடும்பங்கள் தடுமாறுவது அங்கேதான். தோராயமாகச் சொன்னால் போக்குவரத்துக்கு ரூ.12,000, சீருடைப் புடவைக்கு ரூ.4,000, ரெக்கார்டு நோட்டு, சார்ட், கற்பித்தல் கருவிகளுக்கு ரூ.5,000, புத்தகத்துக்கு ரூ.10,000, தேர்வுக் கட்டணம் ரூ.4,000, குடிமைப் பயிற்சி முகாம் ரூ.3,000. மொத்தம் ரூ.38,000. மகளிர் கட்டணமில்லாப் பேருந்து ஓடும் வழியானால் போக்குவரத்துச் செலவு பாதியாகும். ரெக்கார்டை ஆள் வைத்து எழுதி வாங்குவது, ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தெர்மாகோல் மாடல் வாங்குவது இரண்டும் வீண். அழகன்குளம் அகழாய்வு நடந்த இடம் உங்களுக்குப் பஸ் தூரம்தான். ரோமானியரோடு நடந்த வணிகத்தைப் பாடம் நடத்த, அங்கே போய் எடுத்த நாலு போட்டோவும் கையால் வரைந்த ஒரு வரைபடமும் போதும்.

கட்டணமும் புத்தகமும் சேர்த்து ஆண்டுக்கு ரூ.50,000 வீதம், மொத்தம் ஒரு லட்சம் கல்விக் கடன் கேளுங்கள். ரூ.4 லட்சம் வரை பிணையோ, கைப்பணப் பங்கோ தேவையில்லை. படிக்கும் காலமும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், தனிவட்டியாக. வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் ரூ.50,000-க்கு மூன்று ஆண்டு, இரண்டாவதற்கு இரண்டு ஆண்டு, ஆக ரூ.26,250 வட்டி சேர்ந்திருக்கும். அதை அசலோடு சேர்த்து ஐந்தாண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ.2,714. நம் எல்லையைத் தாண்டிவிட்டது. வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால், முதல் ஆண்டு மாதம் ரூ.438, பிறகு ரூ.875, அப்போது ஐந்தாண்டுத் தவணை ரூ.2,149-தான். அமாவாசையை ஒட்டிப் பாசி எடுக்கும்போது ஒன்று, பௌர்ணமியை ஒட்டி எடுக்கும்போது ஒன்று என்று மாதம் இரண்டு தடவை ரூ.450 எடுத்து வைத்தால் வட்டி முடிந்தது. இதற்காக அஞ்சலக ஆர்.டி. போடாதீர்கள், அது ஐந்தாண்டு, மூன்றாண்டுக்கு முன் எடுக்க முடியாது. சாதாரண சேமிப்புக் கணக்கு போதும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்பு) தரச்சான்று இருக்க வேண்டும், சேர்க்கை நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில், இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் சேர்வதற்கு முன்பே கல்லூரியிடம் எழுத்தில் வாங்கி வங்கியில் காட்டுங்கள். பலர் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்கிறார்கள், அதற்குள் ரூ.26,250 சலுகை போய்விடுகிறது. விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் போடுங்கள். கிளையில் வாய்வார்த்தையாக "இல்லை" என்றால், காரணத்தை எழுதித் தரச் சொல்லி, அதோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள்.

கட்டணத் தேதியிலும் கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் எந்தக் கட்டணமும் விழாதபடி, ஜூலையிலும் ஜனவரியிலும் இரண்டு தவணையாகக் கட்டுகிறோம் என்று சேரும்போதே பேசி முடியுங்கள். தடைக்கால நிவாரணம் ரூ.8,000 அடுப்பு எரியவே சரியாகிவிடும், அதைக் கல்விக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மீனவர் நலவாரியத்தில் கணவர் உறுப்பினராக இருந்தால், கல்வி உதவித்தொகைக்கு வருடா வருடம் விண்ணப்பியுங்கள். கையில் உள்ள ரூ.40,000-இல் ரூ.28,000, கடனில் சேர்த்த புத்தகம் போக மேலே சொன்ன சில்லறைச் செலவுகளுக்கு, மீதி ரூ.12,000-ஐத் தொடாதீர்கள். படகு பிடிபட்டாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ அதுதான் முதல் கைப்பணம். அதுவும் போதாத அன்றுதான் நகை. அப்போதும் ஒன்றிரண்டு பவுன் மட்டும், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து, ஜூன் 15-க்குப் பிறகு படகு ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக மீட்டுவிடுங்கள்.

டெட் தேர்வை பி.எட். இறுதியாண்டிலேயே எழுதலாம். மொத்தம் 150 மதிப்பெண்: குழந்தை வளர்ச்சியும் உளவியலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90. உங்களுக்குத் தளர்வு உண்டென்றாலும் 90-ஐயே குறி வையுங்கள். சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். கோச்சிங் சென்டருக்கு ஆயிரக்கணக்கில் கட்டும் முன், ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ், சமூக அறிவியல் பாடநூல்களை வரிவிடாமல் இரண்டு முறை படிக்கட்டும். வரலாறு படித்தவர்கள் மதிப்பெண்ணை விடுவது பெரும்பாலும் புவியியலிலும் ஆங்கிலத்திலும்தான். பணம் செலவழிப்பதானால் அந்த இரண்டுக்கு மட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நம் கடற்கரையில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. "பல லட்சம் கொடுத்தால் நிரந்தர வேலை" என்று யாராவது வருவார்கள், அப்போதும் அந்த ஆறு பவுன்தான் நினைவுக்கு வரும். உதவி பெறும் பள்ளியில் நியமனத்துக்குக் கல்வித் துறையின் ஒப்புதல் வந்தால்தான் அரசுச் சம்பளம். ஒப்புதல் வராமல் வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், கொடுத்த பணத்துக்கு ரசீதும் இராது. அப்படி ஒரு பேச்சு வந்தால், அந்தப் பணியிடம் துறையால் அனுமதிக்கப்பட்டதா, டெட் தேர்ச்சி கேட்கிறார்களா, அங்கே கடைசியாகச் சேர்ந்தவருக்கு ஒப்புதல் ஆணை வந்ததா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். பணம் மட்டும் கொடுக்காதீர்கள்.