மக்காச்சோளத்தில் அட்ரசின் அடித்தும் புல் முளைக்கிறதே, வேறு என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்துப் பெயரைக் கேட்பதற்கு முன் வயலில் புல் எத்தனை இலையில் நிற்கிறது என்று பாருங்கள். என் பதில் பெரும்பாலும் அதைப் பொறுத்ததுதான்.

அட்ரசின் என்ற களைக்கொல்லி அகன்ற இலைக் களைகளை நன்றாக அடக்கும், ஆனால் புல்லில் அவ்வளவு கைகொடுக்காது. மக்காச்சோளம் அந்த மருந்தைத் தன் உடம்புக்குள்ளேயே நஞ்சில்லாத பொருளாக மாற்றிவிடுவதால்தான் தப்பிக்கிறது. அரிசிப்புல் போன்ற சில புற்களுக்கும் அந்த வித்தை ஓரளவு தெரியும். பயிரும் புல் குடும்பம், களையும் புல் குடும்பம் என்பதுதான் இங்கே தலைவலியே. உளுந்து, நிலக்கடலையில் புல்லுக்கு அடிக்கிற குயிசாலோபாப்பை இங்கே அடித்தால் புல்லோடு சோளமும் போய்விடும். கிளைபோசேட்டும் அப்படித்தான், அதைத் தாங்குமாறு மரபணு மாற்றிய ரகமாக இருந்தால் ஒழிய. 2,4-டி புல்லை ஒன்றும் செய்யாது.

இன்னும் விதைக்கவில்லை என்றால் வேலை சுலபம். விதைத்த ஓரிரு நாளில், களை முளைக்கும் முன்பே, எஸ்-மெட்டலாகுளோர் அல்லது பெண்டிமெத்தலின் அடிக்கலாம். இவை புல் விதை முளைவிடும்போதே அதை அடக்கிவிடும். கூடவே அட்ரசின் சேர்த்தால் அகன்ற இலைக்கும் ஆயிற்று. பெண்டிமெத்தலின் அடிப்பதாக இருந்தால் விதை 4 சென்டிமீட்டர் ஆழத்திலாவது இருக்க வேண்டும். தெளித்த பின் மண்ணைக் கிளறக் கூடாது.

மருந்து கேட்கவில்லை என்று பலர் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். காய்ந்த மேல்மண்ணில் அடித்த மருந்து அங்கேயே கிடக்கும், கீழே முளைக்கிற விதையைப் போய்ச் சேராது. ஒரு வாரத்துக்குள் 10 முதல் 20 மில்லிமீட்டர் மழையோ லேசான பாசனமோ கிடைக்க வேண்டும். பெரிய கட்டிகள் நிறைந்த வயலிலும் இதே கதைதான்: கட்டி உடையும்போது மருந்து படாத மண் வெளியே வரும், அதில் புல் முளைக்கும்.

உங்களுக்குப் புல் ஏற்கெனவே முளைத்துவிட்டது. அது 2 முதல் 4 இலைப் பருவத்தில் இருந்தால் டெம்போட்ரையோன் அல்லது டோப்ரமிசோன், இரண்டில் ஒன்று போதும். கொஞ்சம் அட்ரசின் கலந்தால் வேகம் கூடும். ஒட்டும் திரவத்தை மறக்காதீர்கள், அது இல்லாமல் புல் இலையில் மருந்து நிற்காது. சில நாட்களில் புதுக் குருத்து வெளுக்கும், அப்புறம் காயும். மறுநாளே போய்ப் பார்த்துவிட்டு மருந்து போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சோள இலையும் லேசாக வெளுக்கலாம், பெரும்பாலும் தானே தேறிவிடும்.

நிக்கோசல்பியூரானும் புல்லை நன்றாகக் கொல்லும். ஆனால் இனிப்புச் சோளம், பாப்கார்ன் ரகங்கள் சிலவற்றுக்கு அது ஆகாது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து போட்ட வயலிலும் பயிரைக் கருக்கிவிடக்கூடும். எனக்கு அது இரண்டாவது தேர்வுதான்.

புல் தூர் கட்டிவிட்டதா? அப்போது அளவைக் கூட்டி அடிக்க ஆசை வரும். வேண்டாம், பாதி செத்தும் பாதி பிழைத்தும் நிற்கும், சோளத்துக்கும் அடி. வரிசைக்கு இடையில் களைக்கொத்தோ பவர் வீடரோ ஓட்டுவதுதான் வழி. சோளம் முளைத்த 2-வது வாரத்திலிருந்து 6-வது வாரம் வரை வயல் சுத்தமாக இருந்தாலே போதும், அப்புறம் பயிரின் நிழலே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஊடுபயிராகப் பயறு போட்டிருந்தால் மேலே சொன்னதில் பெண்டிமெத்தலின் தவிர மற்றதைத் தொடாதீர்கள். அடுத்த பயிர் பயறு என்றாலும் அட்ரசின் அளவில் கவனம் தேவை, மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். ஏக்கருக்கு எவ்வளவு என்பதை உங்கள் கையில் இருக்கும் டப்பாவின் லேபிளில் பாருங்கள். ஒரே மருந்து வெவ்வேறு செறிவில் விற்பதால் இங்கே ஒரு எண்ணைச் சொல்வது ஆபத்து. அடித்து முடித்ததும் டேங்கையும் நாசிலையும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வேறு பயிருக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.