நடராஜர் மேல் நாகரி எழுத்து: அஞ்சல் தலை கேள்வி பதில்

கேள்வி: இராணுவத்தில் பணியாற்றிய என் தாத்தாவின் பெட்டியில், நடராஜர் உருவம் பொறித்த சிவப்பு நிற 2 அணா அஞ்சல் தலைகள் சில உள்ளன. உருவத்தின் மேல் கறுப்பு மையில் நாகரி எழுத்துகள் காணப்படுகின்றன. இவை கோயில் விழா எதற்காவது வெளியிடப்பட்டவையா?
– வாசகர், கம்மவான்பேட்டை

பதில்: விழாவுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. நடராஜர் அஞ்சல் தலை 1949 ஆகஸ்ட் 15 அன்று வெளியான தொல்பொருள் வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையின் 9 பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு பை) தலையில் திரிமூர்த்தியும் 6 பை தலையில் கோனார்க் குதிரையும் உண்டு. நாடெங்கும் விற்ற தலைகள் என்பதால், உங்களுடையது எங்கே புழங்கியது என்பதை உருவம் சொல்லாது. மேலே பின்னர் அச்சிட்ட எழுத்து, அதாவது மேலச்சுதான் (ஓவர்பிரிண்ட்) சொல்லும்.

அந்த எழுத்துகளைப் பொறுமையாகக் கூட்டிப் படியுங்கள். இறுதியில் 'கொரியா' என்றிருந்தால், கொரியப் போர் ஓய்ந்த பின் 1953இல், தாயகம் திரும்ப மறுத்த போர்க் கைதிகளைக் காவல் காக்கச் சென்ற இந்தியப் படையினரின் கடிதங்களுக்காக அச்சிடப்பட்டவை அவை. 'கம்போஜ்' (கம்போடியா), 'லாவோஸ்', 'வியத் நாம்' ஆகியவற்றுள் ஒன்று இருந்தால், இந்தோசீனப் போரை நிறுத்திய ஜெனீவா உடன்பாட்டை ஒட்டி 1954இல் இந்தியாவின் தலைமையில் அமைந்த சர்வதேச ஆணையத்தில் பணியாற்றியோருக்கு உரியவை. இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற உங்கள் ஊரில் இத்தகைய தலைகள் கிடைப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை, மகிழ்ச்சியளிக்கிறது.

போலிகளும் உலவுவதால், பயன்படுத்திய தலையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மேலச்சின் மீது அஞ்சல் முத்திரை விழுந்திருப்பதே முறை. முத்திரையின் மீது மேலச்சு ஏறியிருந்தால், பழைய தலையில் யாரோ பிற்காலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். உறையோடு இருப்பவற்றைத் தயவுசெய்து நீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். உறையிலுள்ள படை அஞ்சலக முத்திரையும் தேதியும் உங்கள் தாத்தா இருந்த இடத்துக்கான சான்றாகும்.

கேள்வி: என்னிடமுள்ள சங்கு உருவத் தலை ஒன்றில், மலையாள எழுத்தோடு ஆங்கிலத்தில் 'பை' மதிப்பும் மேலே அச்சாகியுள்ளது. சங்கு எதைக் குறிக்கிறது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: பத்மநாப சுவாமியின் சங்கு அது, சுவாமியின் பெயரால் ஆளப்பட்ட திருவிதாங்கூரின் அரச சின்னம். 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, காசு, சக்கரம் என்ற பழைய மதிப்புகளின் மேல் பை, அணா மதிப்புகளை இரு மொழிகளிலும் அச்சிட்டார்கள். முதல் கேள்வியில் கண்டதுபோல் எழுத்து மட்டுமே சேர்க்கப்பட்ட தலைகளிலிருந்து இவ்வாறு மதிப்பு மாறியவற்றைத் தனியே பிரித்து வைப்பது நல்லது. சங்கு உருவத்தோடு 'ஆன் எஸ் எஸ்' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது இணைப்புக்கு முந்தைய திருவிதாங்கூர் அரசு அலுவலகங்கள் பயன்படுத்திய தலை.