மூன்று நாளா, மூன்று வாரமா?

கேள்வி: வண்ணார்பேட்டையில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி எங்களுடையது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். வேலைகளைக் கண்காணிக்க ஒரு புராஜெக்ட் டிராக்கிங் சாஃப்ட்வேரை டிரையலில் ஓட்டிப் பார்க்கிறோம். ஒரு வேலைக்குச் சராசரியாக 3 நாள் ஆவதாக அதன் ரிப்போர்ட் காட்டுகிறது. ஆலைக்காரரோ, "மூணு நாள் வேலைன்னு சொன்னிய அண்ணாச்சி, மூணு வாரம் ஆச்சுல்லா" என்கிறார். விற்பவரைக் கேட்டால், "நீங்கள் பார்ப்பது சைக்கிள் டைம், லீட் டைம் வேண்டுமானால் மேல் பிளானுக்கு வாங்க, வருடச் சந்தா கட்டினால் சல்லிசு" என்கிறார். இப்போது கையில் 24 வேலைகள் நிற்கின்றன, வாரத்துக்கு எட்டு முடிக்கிறோம். மேல் பிளான் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

ஆலைக்காரர் சொல்வதும் சரி, ரிப்போர்ட் சொல்வதும் சரி. நாட்களை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். தீபாவளிக்குத் துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கு இது புரியும்: சட்டை மிஷினில் இருப்பது அரை நாள்தான், மற்ற நாளெல்லாம் கடை அலமாரியில் கிடக்கும். கத்தரி போட்டதிலிருந்து தைத்து முடிக்கும் வரை சைக்கிள் டைம். துணியைக் கொடுத்ததிலிருந்து சட்டை கைக்கு வரும் வரை லீட் டைம்.

உங்கள் தொழிலிலேயே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பில்லில் மூட்டைக் கணக்கு தப்பாக விழுகிறது என்று ஆலைக்காரர் 3ஆம் தேதி வாட்ஸ்அப் அனுப்புகிறார். உங்கள் ஆள் அதை டிக்கெட்டாக, அதாவது சாஃப்ட்வேரில் ஒரு வேலைப் பதிவாக, போடுவது 6ஆம் தேதி. 16ஆம் தேதி ஒருவர் கையில் எடுக்கிறார், 19ஆம் தேதி முடித்து 'டன்' (முடிந்தது) கட்டத்துக்குத் தள்ளுகிறார். ஆலை கம்ப்யூட்டரில் அதை ஏற்றுவது 24ஆம் தேதி. சைக்கிள் டைம் 3 நாள். லீட் டைம் கேட்டால் சாஃப்ட்வேர் 13 நாள் என்று சொல்லும். ஆலைக்காரர் கணக்கில் 21 நாள். பாருங்கள், மேல் பிளான் வாங்கினாலும் அந்த 21 வராது. பதியாத மூன்று நாளும், 'டன்' ஆன பிறகு சும்மா கிடந்த ஐந்து நாளும் எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது செலவில்லாதது. செய்தி வந்த அன்றே டிக்கெட் போடுங்கள். 'டன்' என்பதை 'கோடிங் முடிந்தது', 'ஆலையில் ஏற்றியாச்சு' என்று இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். இதைச் செய்யாமல் எந்தப் பிளான் வாங்கினாலும் காசுக்குக் கேடு.

லீட் டைமுக்குத் தனியாகப் பணம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிக்கெட் உருவான தேதியும் முடிந்த தேதியும் சாஃப்ட்வேரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மிச்சம் ஒரு கழித்தல் கணக்கு. அசூர் டெவ்ஆப்ஸ் என்ற டிராக்கிங் சாஃப்ட்வேரில் இரண்டுக்கும் தனித்தனி விட்ஜெட் (திரையில் எண்ணைக் காட்டும் பெட்டி) உண்டு: டிக்கெட் உருவானதிலிருந்து முடிவது வரை லீட் டைம், வேலை நடக்கும் நிலைக்கு முதலில் வந்ததிலிருந்து முடிவது வரை சைக்கிள் டைம். முதல் ஐந்து பேருக்கு அது இலவசம். ஜிரா என்ற இன்னொரு டிராக்கிங் சாஃப்ட்வேரில், வேலைக்கு ஆன நாட்களைக் காட்டும் கன்ட்ரோல் சார்ட்டில் எந்தெந்தக் கட்டங்களை எண்ணுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். காத்திருக்கும் கட்டத்தையும் சேர்த்தால் எண் லீட் டைம் பக்கம் போய்விடும். ஜிரா 10 பேர் வரை இலவசம். ஆனால் பதினோராவது ஆள் சேர்ந்தால் அவருக்கு மட்டுமல்ல, பதினோரு பேருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். நீங்கள் ஒன்பது பேர் என்பதால் சொல்கிறேன்.

டிரையல் முடிவதற்குள் பொய்யாக ஒரு டிக்கெட் போட்டுச் சோதியுங்கள். முடித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்: நாள் தொடர்கிறதா, புதிதாகத் தொடங்குகிறதா? ஞாயிற்றுக்கிழமையையும் எண்ணுகிறதா? ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்த தேதியோடு எல்லாவற்றையும் எக்செலில் திறக்கும் சிஎஸ்வி ஃபைலாக வெளியே எடுக்க முடிகிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சராசரியையும் அப்படியே நம்ப வேண்டாம். பத்து வேலையில் மூன்றுக்கு 2 நாள், நான்குக்கு 3 நாள், இரண்டுக்கு 4 நாள், ஒன்றுக்கு மட்டும் 34 நாள் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 6 நாள். ஆனால் ஆறு நாள் ஆன வேலை ஒன்றுகூட இல்லை! 'பத்துக்கு ஒன்பது 4 நாளில் முடியும்' என்று ஆலைக்காரரிடம் சொல்வதுதான் உபயோகமானது. ரிப்போர்ட்டில் இப்படிச் சொல்லும் பர்சன்டைல் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 24 வேலை நிற்கிறது, வாரத்துக்கு 8 முடிகிறது: 24ஐ 8ஆல் வகுத்தால் 3 வாரம். ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961இல் நிரூபித்த விதி இது. வரத்தும் முடிவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் வரை சராசரிக்கு இது பொருந்தும். ஆலைக்காரர் எந்த ரிப்போர்ட்டும் பார்க்காமல் சரியாகச் சொல்லியிருக்கிறார். நிற்கும் வேலையை 16ஆகக் குறைத்தால், அதே வாரம் எட்டு வேலை வேகத்தில் இரண்டு வாரம்தான் ஆகும். யாரும் ராத்திரி உட்கார வேண்டியதில்லை.

பணம் கட்டும் விஷயம். சந்தாவுக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கினால்தான் கட்டிய வரியை வரவு எடுக்க முடியும். வெளிநாட்டுக் கம்பெனி என்றால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டி வரும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோ ரினிவல் போட்ட கார்டில் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே பணம் போகும். நுகர்வோர் கோர்ட் இருக்கிறதே என்றும் இருந்துவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வியாபார நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்குத்தான் விலக்கு. ஒன்பது பேர் கம்பெனி அதற்குள் வருவது கஷ்டம். பிறகு வாங்குவதாக இருந்தாலும் மாதச் சந்தாவிலேயே இருங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் நாங்கள் நாலே பேர். இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் வேண்டுமா?

பதில்: எக்செல் போதும். கேட்ட தேதி, தொடங்கிய தேதி, கொடுத்த தேதி என்று மூன்று கட்டம் போடுங்கள். ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால், வேலை நாட்களை எண்ணும் நெட்வொர்க்டேஸ்.இன்டல் (NETWORKDAYS.INTL) ஃபார்முலாவில் வாரவிடுமுறைக்கு 11 என்று கொடுங்கள். பொங்கல், தீபாவளி தேதிகளைத் தனிப் பட்டியலாகச் சேர்க்கலாம். தொடங்கிய நாளையும் அது ஒரு நாளாக எண்ணும், அன்றே முடித்த வேலைக்கு 1 என்று வந்தால் குழம்ப வேண்டாம்.