வெளியே அனுப்பினால் அவனுக்கு லாபம்தான்!

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் ஒரு பையன், கணக்கு போடச் சொன்னாலே நோட்டைக் கிழிக்கிறான், பெஞ்சை உதைக்கிறான், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான். திட்டினேன், வெளியே நிறுத்தினேன், பெற்றோரையும் வரவழைத்தேன். நாளுக்கு நாள் அதிகம்தான் ஆகிறது. உணர்ச்சி, நடத்தைக் கோளாறாக இருக்கலாம் என்கிறார் பள்ளி ஆலோசகர். மற்ற பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பதில்: பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள், டீச்சர். கணக்கு போடச் சொன்னால் கிழிக்கிறான். கிழித்தால் வெளியே அனுப்புகிறீர்கள். அத்தோடு கணக்குத் தொல்லை விட்டது! நாளைக்கு அவன் ஏன் கிழிக்காமல் இருக்கப் போகிறான்?

ஒரு ரஃப் நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. ஒரு வாரம் எழுதுங்கள். 'அடங்கவே மாட்டேன் என்கிறான்' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. 'மூன்றாவது கணக்கில் பென்சிலை வீசினான்' என்று எழுதுங்கள். பொதுவாக இந்த மாதிரி நடத்தைக்குப் பின்னால் இருப்பது நான்கில் ஒன்று: யாராவது கவனிக்க வேண்டும், பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும், ஏதோ ஒரு பொருள் வேண்டும், அல்லது அந்த அசைவே உடம்புக்கு இதமாக இருக்கிறது. உங்கள் பையன் தப்பிக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. நோட்டு வேறு மாதிரி சொன்னால் என்னை விட்டுவிட்டு நோட்டை நம்புங்கள்.

முதலில், அவனுக்கு அந்தக் கணக்கு வருகிறதா என்று தனியாகக் கூப்பிட்டுப் பாருங்கள். இத்தகைய பிள்ளைகளில் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். தெரியாததை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொள்வதைவிட முரடன் என்று பேர் வாங்குவது அவர்களுக்குச் சுலபம்.

அடுத்து, கிழிக்காமல் தப்பிக்க ஒரு வழியை நீங்களே கொடுங்கள். கணக்குத் தாளை மடித்து இரண்டு மட்டும் தெரியும்படி வையுங்கள். மேசை ஓரத்தில் ஒரு அட்டை இருக்கட்டும். முடியவில்லை என்றால் வாயே திறக்காமல் அதைத் திருப்பி வைக்கலாம், இரண்டு நிமிடம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் அதே கணக்குக்குத் திரும்பியாக வேண்டும். இதை அவன் அமைதியாக இருக்கும்போதே பழக்கிவிடுங்கள். கோபம் தலைக்கேறிய பிறகு எதுவும் மண்டையில் ஏறாது.

கால் ஆடுவது, பென்சில் முனை உடையும்வரை அழுத்துவது என்று வெடிப்பதற்கு முன் ஏதாவது அறிகுறி தெரியும். அப்போது எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் போய், தணிந்த குரலில், 'இங்கே எழுதுகிறாயா, பின் பெஞ்சிலா?' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். 'ஏன்டா இப்படிப் பண்றே?' என்று மட்டும் கேட்காதீர்கள். நிதானத்தில் இருக்கும் பெரியவர்களுக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது!

ஒரு எச்சரிக்கை. வெளியே அனுப்புவதை நிறுத்தியதும் சில நாள் அட்டகாசம் கூடும். பழைய வித்தை பலிக்கவில்லையே என்று இன்னும் பலமாக முயன்று பார்ப்பான். பலர் கைவிடுவது அந்தக் கட்டத்தில்தான், அங்கே கைவிட்டால், 'பலமாகச் செய்தால் பலிக்கும்' என்று அவன் கற்றுக்கொள்வான். ஆனால் அடிக்கப் பாய்ந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். மற்ற பிள்ளைகளை உடனே தள்ளி உட்கார வையுங்கள்.

நோயின் பெயரை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். எதற்கெடுத்தாலும் கோபப்பட்டுப் பெரியவர்களை எதிர்க்கும் 'எதிர்ப்பு நடத்தைக் கோளாறு' என்று சொல்லவே, அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். உங்கள் ரஃப் நோட்டு அவருக்கும் உதவும்.

கேள்வி: என் வகுப்பு மாணவி ஒருத்தி யாருக்கும் தொல்லை தருவதில்லை. ஆனால் பேசுவதே இல்லை, அடிக்கடி வயிற்றுவலி என்று லீவு. இதுவும் கோளாறா?

பதில்: இருக்கலாம். எனக்கு முதல் பையனைவிட இந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலை. சத்தம் போடுகிற பிள்ளைக்கு எப்படியும் யாராவது ஓடி வருவார்கள். 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்னை இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பதற்றமும் மனச்சோர்வும் நிறைய. லீவு எடுத்த நாட்களையும் தேர்வு நாட்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்காமல், நாளை கேட்கப்போவதை இன்றே சொல்லிவையுங்கள். பெற்றோரிடமும் ஆலோசகரிடமும் பேசுங்கள். சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ ஒரு வரி எழுதியிருந்தாலும், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறுநாள்வரை வைத்திருக்க வேண்டாம்.