சேலை எடுக்கிற கண்ணோடு லிப்ஸ்டிக் எடுங்கள்
(வாசகியர் கேள்வி – பதில்)

கேள்வி: நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. மேலுதடு கறுத்தும் கீழுதடு ரோஸாகவும் இருக்கும். தோழிக்கு எடுப்பாக இருந்ததே என்று வெளிர் ரோஸில் ஒரு லிப்ஸ்டிக் வாங்கினேன். எனக்குப் போட்டால் சுண்ணாம்பு தடவியதுபோல் இருக்கிறது. எனக்கு எந்த நிறம்தான் ஒத்துவரும்?
– கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: குறை உங்கள் நிறத்தில் இல்லை, அந்த லிப்ஸ்டிக்கில் உள்ள வெள்ளையில் இருக்கிறது. வெளிர் ரோஸ், வெளிர் பீச் நிறங்களுக்காகச் சாயத்தோடு டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். வெளிறிய உதட்டில் அந்த வெள்ளை தெரியாது. கறுத்த மேலுதட்டில் மெல்லிசாகப் படியும்போது அடியில் இருக்கும் கறுப்பு அதன் வழியே தெரிந்து, இரண்டும் சேர்ந்து சாம்பல் நிறமாகிவிடும். இன்னொரு பூச்சு போட்டால் சாம்பல் போகும், ஆனால் திட்டுத்திட்டாகப் படிந்து உதட்டு வரிகளில் வெள்ளை தேங்கும்.

ஒன்றும் போடாத உதட்டைக் காலை வெளிச்சத்தில் கண்ணாடியில் பாருங்கள். மேலுதட்டு ஓரத்தில் என்ன அழுத்தம் இருக்கிறதோ, அதே அழுத்தத்திலோ ஒரு படி கூடுதலாகவோ நிறம் எடுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் ஷேடு பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவற்றை நம்ப வேண்டாம். சேலை நிறமாக யோசித்தால் சுலபம். அரக்கு, செங்கல், காப்பிப்பொடி, நாவற்பழம், சின்ன வெங்காயத் தோல் என்ற ஐந்தில் குறைந்தது இரண்டு நிறமாவது உங்களுக்குக் கட்டாயம் பொருந்தும். தினமும் கல்லூரிக்கு வெங்காயத் தோல் நிறமே போதும். வெள்ளை கலக்காத ரோஸ் அது, உதட்டோடு உதடாக நிற்கும்.

அடுத்து சிவப்பின் சாயல், அதாவது ஆரஞ்சு சாயும் சிவப்பா மெரூன் சாயும் சிவப்பா என்பது. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். கறுப்பு நிறத்தவர்களுக்கு அது தெளிவாகத் தெரியாது. அதற்குப் பதில் நம் வீட்டுக் குங்குமச் சிமிழே போதும். ஆரஞ்சு சாயும் குங்குமத்தையும் மெரூன் குங்குமத்தையும் நெற்றியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேர் வெயில் படாத வாசலில் நின்று பாருங்கள். ஆரஞ்சு பக்கம் முகம் தெளிந்தால் செங்கல், துருச் சிவப்பு உங்களுக்கு. மெரூன் பக்கம் தெளிந்தால் அரக்கு, நாவற்பழம். இரண்டுமே நன்றாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வாங்கிய ரோஸைத் தூக்கிப் போட வேண்டாம். பழுப்பு நிற லிப் பென்சில் ஒன்று வாங்கி, மேலுதடு முழுவதும் நிரப்புங்கள். கீழுதட்டில் ஓரத்தை மட்டும் வரைந்து விரலால் உள்பக்கம் தேய்த்து விடுங்கள். அதன்மேல் ரோஸை ஒரே ஒரு பூச்சு. டிஷ்யூவை உதட்டிடுக்கில் ஒரு தடவை அழுத்தி எடுங்கள். இரண்டு உதடும் ஒரே நிறத்துக்கு வந்திருக்கும். கண் மையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அது உதட்டுக்கானது இல்லை.

கேள்வி: கடையில் புறங்கையில் தடவிப் பார்க்கும்போது ஒரு நிறம், வீட்டில் உதட்டில் வேறு நிறம். 300 ரூபாய்க்குள் ஏமாறாமல் வாங்குவது எப்படி?
– இல்லத்தரசி, திருமங்கலம்

பதில்: புறங்கைத் தோலுக்கும் உதட்டுக்கும் சம்பந்தமே இல்லை. விரல் நுனியின் சதைப்பகுதிதான் உதட்டு நிறத்துக்குக் கிட்டத்தட்ட வரும். ஆள்காட்டி விரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று, மோதிர விரலில் ஒன்று என்று மூன்று நிறம் தடவிக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள். மதுரை டவுன்ஹால் ரோடானாலும் மாசி வீதியானாலும் கடைக்குள் எரிவது வெள்ளை விளக்கு, அதில் சிவப்பு செத்துப்போகும். தெரு வெளிச்சத்தில் விரலை உதட்டருகே வைத்துக் கைப்பேசியில் பாருங்கள். திரவ மேட் வகை (பளபளப்பில்லாமல் காயும் திரவ லிப்ஸ்டிக்) காயக் காய அழுத்தமாகும், 10 நிமிடம் பொறுத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கடையில் தடவிப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரை நேராக உதட்டில் வைக்கவே வைக்காதீர்கள். பலர் வாய் பட்ட பொருள் அது.

விலையைக் கிராமோடு சேர்த்துப் பாருங்கள். வழக்கமான குச்சி லிப்ஸ்டிக்கில் 3.5 முதல் 4.2 கிராம் வரை இருக்கும். 99 ரூபாய்க்கு 1 கிராம் மினியும் 240 ரூபாய்க்கு 4 கிராமும் இருந்தால் இரண்டாவதுதான் மலிவு, கிராம் 60 ரூபாய். ஆனால் புது நிறத்தைப் பரீட்சை பார்க்க மினிதான் புத்திசாலித்தனம்.

திருவிழாக் கடைகளில் பிரபல கம்பெனிப் பெயரை ஓர் எழுத்து மாற்றி 40, 50 ரூபாய்க்கு வருவதை வாங்காதீர்கள். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி நான்கும் அட்டையில் இருக்க வேண்டும். சேர்க்கும் சாயத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. முகவரியே இல்லாதவன் அதைக் கடைப்பிடித்தானா என்று யாரிடம் கேட்பது?

கேள்வி: ஸ்கூட்டர் டிக்கியில் வைத்த லிப்ஸ்டிக் வளைந்து, மேலே முத்து முத்தாக வியர்த்திருக்கிறது. கெட்டுவிட்டதா?
– அலுவலகப் பெண், வாடிப்பட்டி

பதில்: கெடவில்லை. மெழுகு இளகி, உள்ளிருந்த எண்ணெய் வெளியே வந்திருக்கிறது. மூடியோடு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து, எடுத்ததும் டிஷ்யூவால் ஒற்றுங்கள். காறல் வாடை அடித்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி: கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டதும் நடு உதட்டில் மட்டும் அழிந்து, ஓரம் கோடாக நிற்கிறது.
– வாசகி, செல்லூர்

பதில்: திரவ மேட் தண்ணீருக்கு அசையாது, எண்ணெயில் கரையும். ஜிகர்தண்டாவுக்குத் தாங்குவது சால்னாவுக்குத் தாங்காததற்குக் காரணம் அதுதான். அடியில் பென்சிலால் உதடு முழுக்க நிரப்பினால், மேல்பூச்சு போனாலும் நிறம் மிச்சமிருக்கும். சாப்பிட்டபின் துடைத்துவிட்டு, நடுவில் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. பழைய பூச்சின் மேலேயே போட்டால் திரிதிரியாக உரியும்.

கேள்வி: புது லிப்ஸ்டிக் போட்டதிலிருந்து உதடு அரிக்கிறது, ஓரம் கறுக்கிறது. வேறு கம்பெனிக்கு மாறட்டுமா?
– பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்: இப்போது எந்தக் கம்பெனியும் வேண்டாம். வாசனைப் பொருளோ சாயமோ ஒத்துக்கொள்ளாததால் இப்படி ஆகலாம். அடிக்கடி அரித்தால் அந்த இடம் கறுத்தே நின்றுவிடும். எல்லாவற்றையும் நிறுத்தி, வாசனையில்லாத வாசலின் மட்டும் போடுங்கள். உதட்டை நாக்கால் ஈரப்படுத்தாதீர்கள். இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த லிப்ஸ்டிக்கை அட்டையோடு கொண்டுபோங்கள், உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.