வேலையில் விழுந்தால் வேலையில் விழுந்ததாகவே சொல்லுங்கள்

தம்பி, கனடாவில், ஸ்காபரோ மளிகைக் கடையின் பின்பக்கத்தில், பெட்டி கட்டிவந்த பிளாஸ்டிக் நாடா காலில் சிக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. முதலாளி "வீட்டில் விழுந்ததாகச் சொல், இரண்டு கிழமைச் சம்பளம் கையில் தருகிறேன்" என்கிறார். முறையிட்டால் மாணவர் விசாவுக்கு ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆபத்து இல்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் கடை வேலையில் காயப்பட்டால் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற வேலைத்தலக் காப்புறுதிச் சபை பார்க்கும். பி.ஆரா (நிரந்தர வதிவிடம் உள்ளவரா), மாணவரா என்பது அங்கே கணக்கில்லை. முதலாளி சபையில் பதியாமல் விட்டிருந்தாலும் உங்களுக்கு உரிமை உண்டு. "நீ பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்று அவர் சொல்வதும் எடுபடாது. யார் பிழை என்று சபை பார்ப்பதில்லை.

முதலில் டொக்டரிடம் போங்கள், முன்பதிவில்லாமல் போகக்கூடிய வாக்-இன் கிளினிக் போதும். வேலையில் விழுந்தேன் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள். அவர் 8ஆம் இலக்கப் படிவத்தைச் சபைக்கு அனுப்புவார். வீட்டில் விழுந்ததாக அங்கே பதிவாகி, பிறகு எக்ஸ்ரேயில் வெடிப்புத் தெரிந்தால், பொய்க்காரன் பட்டம் உங்களுக்குத்தான். அந்த இரண்டு கிழமைக் காசு பிசியோதெரபிக்கே காணாது.

நீங்கள் நிரப்புவது 6ஆம் இலக்கப் படிவம். 6 மாத அவகாசம் உண்டு. சபைக்கு அறிவிக்க முதலாளிக்கு 3 வேலை நாள்தான். விழுந்த நாளின் முழுச் சம்பளம் அவர் தர வேண்டும். அடுத்த நாளிலிருந்து இழக்கும் சம்பளத்துக்கு, கைக்கு வரும் தொகையில் 85 வீதத்தைச் சபை தரும். முறையிடாதே என்று மறிப்பதே சட்டப்படி குற்றம்.

அப்புறம், விழுந்த இடத்தை இன்றைக்கே போனில் படம் எடுங்கள். நம்மட கடைகளின் பின்பக்கம் தெரிந்ததுதானே: வெறும் ஸ்கிட்டின் (சாமான் அடுக்கும் மரத்தட்டு) மூலை நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கும், வெட்டிய நாடா சுருண்டு கிடக்கும், கொத்தமல்லிப் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணி ஒழுகும். ஆராவது கூட்டிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. நேரம், பக்கத்தில் நின்ற பெடியனின் பெயர், காலில் போட்டிருந்த சப்பாத்து எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

"லேசான வேலை தருகிறேன், வா" என்று கூப்பிட்டால் எடுத்த வீச்சில் மாட்டேன் என்னாதீர்கள். டொக்டர் எழுதிய அளவுக்குள் அடங்கினால் போகத்தான் வேண்டும், மறுத்தால் காசு நிற்கலாம். ஆனால் காஷில் (காசு வாங்கும் இடத்தில்) நிற்க விட்டு, அரை மணித்தியாலத்தில் அரிசி மூட்டையைத் தூக்கு என்பார்கள். தூக்காதீர்கள்.

சபை மறுத்தால், யூனியன் இல்லாத உங்களுக்கு மாகாணத்தின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவும். கமிஷனுக்குப் படிவம் நிரப்பித் தருகிறோம் என்று வருபவர்களிடம் மட்டும் போய் மாட்டாதீர்கள்.